சித்தக் கலக்கமும் சிறுநீரகமும்: ஹாட்னப் நோயின் வரலாறு

சென்ற ஆண்டு இலண்டன் மாநகரின் வைத்தியசாலையொன்றில், எம்மவரான ஒரு தாய்க்கு மொழிபெயர்ப்பாளனாக அமர்ந்திருந்தேன். அவருடைய மகன் அருகில் இருந்தான். பெண் வைத்தியர் பல வினாக்களைக் கேட்டபின், "பிள்ளையின் தாயும் தந்தையும் திருமணத்துக்கு முன்பே உறவினர்களா?" என்று வினவினார். நான் அதனைத் தமிழில் சொன்னேன். தாயார் என்னை ஒருமுறை பார்த்தார். பின்னர் நிலத்தைப் பார்த்தபடி "இல்லை" என்றார். அவர் தம் சொந்த மாமன் மகனை மணந்தவர் என்பதை நான் அறிவேன். ஊரில் அத்திருமணப் பந்தியில் இருந்து உண்டவர்களுள் நானும் ஒருவன். அடுத்த வினா, குடும்பத்தில் எவருக்கேனும் மனநோய் இருந்ததுண்டா என்பது. அதற்கும் "இல்லை" என்றே விடை வந்தது. சொன்னதைச் சொல்வதே மொழிபெயர்ப்பாளனின் கடமை. இரண்டு "இல்லை"களையும் ஆங்கிலத்தில் ஒப்புவித்துவிட்டு வீடு திரும்பினேன்.

அப்பிள்ளையின் நோய் யாதென்பது இக்கட்டுரைக்கு வேண்டியதன்று. நான் கூறப்போகும் நோயும் அதுவன்று. ஆயினும் அவ்விரு வினாக்களும் ஏன் அருகருகே கேட்கப்பட்டன என்ற எண்ணம் என்னை விடவில்லை. நான் கலைப்பட்டதாரி. வரலாறும் தமிழும் கற்பித்தவன், மருத்துவம் அறியாதவன். எனினும் வரலாறு கற்பித்தவனுக்கு எதன் தொடக்கத்தையும் தேடிச் செல்லும் பழக்கம் எளிதில் விடுவதில்லை. அவ்வாறு தேடிச் சென்றபோது, இதே இலண்டனில் 1951ஆம் ஆண்டு வேறொரு தாய் தன் மகனை வைத்தியசாலைக்குக் கொண்டுவந்த வரலாறு கிடைத்தது.

அதனைக் கூறுமுன் நம் மொழியில் வழங்கும் ஒரு சொல்லைச் சற்று நோக்குவோம். மனம் பேதலித்தவனைப் "பித்தன்" என்கின்றோம். பித்து என்னும் சொல்லோ பித்தத்தோடு நெருங்கியது. பித்தம் தலைக்கேறிற்று என்பது இன்றும் கிழவியர் வாயில் வழங்கும் பேச்சு. உடலில் ஒன்று மிகுந்தாலோ குறைந்தாலோ சித்தம் கலங்கும் என்பதை நம் முன்னோர் மருத்துவம் ஐயத்துக்கிடமின்றி நம்பியது. கிரேக்கரும் மனச்சோர்வுக்குக் கரும்பித்தம் என்றே பெயரிட்டனர். பித்தமே அதற்குக் காரணம் என்ற விளக்கம் இன்று ஏற்கப்படுவதில்லை. ஆனால் உடலையும் உள்ளத்தையும் இரண்டாக அரிந்துவைக்காத அந்த நோக்கை முற்றாகத் தள்ளிவிட முடியாது. நடைமுறையில் நாம் செய்தது வேறு. சித்தம் கலங்கியவரைக் கண்டால் ஊரில் முதலில் நூல் கட்டினோம். பின்னர் செய்வினை என்றோம். முடிவில் "அங்கொடைக்குத்தான் அனுப்ப வேண்டும்" என்றோம். கொழும்பை அடுத்த அவ்வூரின் பெயரே எம்மவரிடையே வசைச்சொல்லாகிவிட்டது.

இனி வரலாற்றுக்கு வருவோம். ஸ்பெயின் நாட்டின் வடபகுதியான அஸ்தூரியாஸ் மாநிலத்தில், 1735ஆம் ஆண்டளவில், கஸ்பார் கஸால் என்ற வைத்தியர் ஏழைக் குடியானவரிடையே ஒரு விந்தையான நோயைக் கண்டார். வெயில் படும் கைகளிலும் கால்களிலும் தோல் சிவந்து, தடித்து, செதிள் செதிளாக உரியும். கழுத்தைச் சுற்றி மாலை அணிந்தாற் போன்று தழும்பு விழும். பின் வயிற்றோட்டமும், தள்ளாட்டமும், துயரமும், இறுதியில் சித்தப்பிரமையும் தோன்றும். அவர் எழுதிய நூல் அவர் இறந்தபின் 1762இல் வெளிவந்தது. 1771இல் இத்தாலியரான பிராப்பொல்லி இந்நோய்க்குப் "பெலாக்ரா" எனப் பெயரிட்டு எழுதினார். சொரசொரப்பான தோல் என்பது அதன் பொருள். பெயர் தோலின் பெயராயினும், வட இத்தாலியின் பித்தர் விடுதிகள் இந்நோயாளரால் நிறைந்திருந்தன. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சோளம் ஏழைகளின் ஒரே உணவாகிவிட்ட நாடுகளிலெல்லாம் இந்நோய் கூடவே வந்தது. சோளத்தின் தாயகமான மெக்சிக்கோவில் இது இல்லை. அங்குள்ள பெண்கள் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து அவித்த பின்னரே அரைத்தனர். தானியத்தை ஏற்ற ஐரோப்பியர் அதன் சமையலை ஏற்கவில்லை. சுண்ணாம்புதான் சோளத்தினுள் பிணைந்து கிடந்த சத்தை விடுவித்தது என்பது பிற்காலத்தில் தெரியவந்தது.

1906இல் ஐக்கிய அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், கறுப்பின மக்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்த மனநோய் விடுதியொன்றில் 88 பேருக்கு இந்நோய் கண்டது. அவர்களுட் பாதிக்கு மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த ஆண்டுகளில் தென்மாநிலங்களெங்கும் அது பரவிற்று. இது தொற்றுநோய் என்றே பலர் உறுதியாக நம்பினர். 1914இல் அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரச் சேவை, ஜோசப் கோல்ட்பேகர் என்ற வைத்தியரை அங்கு அனுப்பியது. அவர் யூதர், ஹங்கேரியில் பிறந்து, சிறுவயதிலேயே பெற்றோருடன் கடல் கடந்து நியூயோர்க் வந்தவர். நுண்காட்டியைத் தொடுமுன் அவர் விடுதிகளைச் சுற்றிப் பார்த்தார். ஜோர்ஜியாவின் பெரிய மனநோய் விடுதியில் நோயாளர்க்கு இந்நோய் வருகின்றது. அவர்களோடு இரவு பகலாகப் பழகும் தாதியருக்கும் பணியாளருக்கும் வருவதில்லை. தொற்றுநோய் ஆள் பார்த்தா தொற்றும்? உண்ணும் தட்டில்தான் வேறுபாடு இருந்தது. பாலும் முட்டையும் அவரையும் இறைச்சியும் கொடுத்தார், நோய் அகன்றது.

எதிரிகள் அடங்கவில்லை. 1915இல் மிசிசிப்பியில், விடுதலை தருவதாக ஆளுநர் வாக்களித்ததன் பேரில், சிறைக்கைதிகள் சிலருக்குச் சோளமாவும் பாகும் போன்ற உணவை மட்டும் கொடுத்தார். 11 பேரில் 6 பேருக்குப் பெலாக்ரா கண்டது. வறியவர் உடலை இவ்வாறு பயன்படுத்தியதை இன்று எவரும் ஒப்பார். ஆனால் அவர் தம் உடலையும் விட்டுவைக்கவில்லை. 1916இல் தாமும் தோழர்களும் நோயாளரின் இரத்தத்தை ஊசிமூலம் ஏற்றிக்கொண்டனர். அவர்களது கழிவுகளையும் தோற்செதிள்களையும் மாவில் உருட்டி விழுங்கினர். அவருடைய மனைவியும் அந்த இரத்தத்தை ஏற்றுக்கொண்டார். எவருக்கும் நோய் வரவில்லை.

இங்கு ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. 1921இல் அமெரிக்க சனாதிபதி ஹாடிங், தென்மாநிலங்களில் பசியும் பெலாக்ராவும் தலைவிரித்தாடுவதாகக் கூறி உதவிக்கு ஏற்பாடு செய்ய முற்பட்டார். அம்மாநிலத் தலைவர்கள் நன்றி கூறவில்லை, சினந்தனர். எங்கள் மண்ணில் பஞ்சமா, இது எமக்கு அவமதிப்பு என்றனர். மானம் காக்க நோயை மறைப்பது நம்மவரின் தனிச்சொத்து என எண்ணியிருந்தேன். அது உலகப் பொதுவானதாயிற்று.

கோல்ட்பேகர் தேடிய சத்து இன்னதென அறியாமலே 1929இல் சிறுநீரகப் புற்றுநோயால் இறந்தார். 1937இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தின் எல்வெஜெம் அதனைக் கண்டறிந்தார். அது நிக்கோரினிக் அமிலம் என்னும் விற்றமின். அதை உட்கொண்ட நோயாளர் சிலரின் பிதற்றல் சில நாள்களில் தெளிந்தது. பித்தர் என்று பூட்டிவைக்கப்பட்டோரிற் பலருக்குத் தேவைப்பட்டது ஒரு விற்றமினே! 1945இல் மேலுமொரு செய்தி வெளிவந்தது. திரிப்தோபன் என்னும் அமினோ அமிலத்திலிருந்து நமது உடல் தானே அவ்விற்றமினை ஆக்கிக்கொள்ளும். ஏறத்தாழ 60 மில்லிகிராம் திரிப்தோபனுக்கு ஒரு மில்லிகிராம் விற்றமின். புரதம் போதிய அளவு உண்பவனுக்குப் பெலாக்ரா அணுகாது என்பது இதனாற் பெறப்பட்டது.

இத்துறையில் தமிழர் ஒருவர்க்கும் பங்குண்டு. சேலத்தில் 1918இல் பிறந்து சென்னையில் மருத்துவம் பயின்ற சி. கோபாலன், குன்னூரில் இயங்கி 1958இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்ட போசாக்கு ஆய்வுகூடத்தைச் சேர்ந்தவர். தக்காணத்தில் நாம் இறுங்கு என்றழைக்கும் தானியத்தை உண்போரிடையே பெலாக்ராவைக் கண்டு, 1960இல் ஸ்ரீகாந்தியாவுடன் இணைந்து, அத்தானியத்தில் மிகுந்துள்ள லூசின் என்ற அமினோ அமிலமே காரணம் என்னும் கருத்தை லான்செற் இதழில் முன்வைத்தார். அக்கருத்துப் பின்னர் விவாதத்துக்குள்ளாயிற்று. ஆனால் சோளம் அல்லாத தானியத்தாலும் பெலாக்ரா வரும் என்பதை உலகம் கவனித்தது அவராலேயே.

இப்பின்னணியில் 1951ஆம் ஆண்டின் இலண்டனுக்குத் திரும்புவோம். மிடில்செக்ஸ் வைத்தியசாலைக்குப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் கொண்டுவரப்பட்டான். வெயில் படும் இடங்களிலெல்லாம் அவன் தோல் சிவந்து செதிளாகியிருந்தது, நடை தள்ளாடிற்று. நோயின் பெயரை முதலிற் சொன்னவர் வைத்தியர் அல்லர், தாயார். இவனுக்குப் பெலாக்ரா என்றார். அவருடைய மூத்த மகளுக்கு முன்னொருகால் இதே அறிகுறிகள் தோன்றின. அதற்குப் பெலாக்ரா என்று அன்றைய வைத்தியர்கள் பெயர் கூறியிருந்தனர். தாய் அதை மறக்கவுமில்லை, மறைக்கவுமில்லை.

வைத்தியர்களுக்கு இது பெரும் புதிராயிற்று. பெலாக்ரா வறியவரின் சோள உணவால் வருவது. இலண்டன் மக்கள் அக்காலத்தில் பங்கீட்டு அட்டைக்கு இறைச்சி வாங்கியவர்கள்தாம். போர் முடிந்தும் பங்கீடு 1954வரை நீடித்தது. ஆயினும் பெலாக்ரா வருமளவுக்கு அங்கு எவரும் பட்டினி கிடக்கவில்லை. ஒரே அடுப்பில் சமைத்த ஒரே உணவை உண்டு வளர்ந்த எட்டுப் பிள்ளைகள் அக்குடும்பத்தில் இருந்தனர். அவர்களுள் நால்வரிடமே இக்கோளாறு இருந்ததாகப் பின்னர் அறியப்பட்டது. தட்டில் குறை இல்லையெனின் குறை எங்கே?

விடையைத் தேடியவர்களுள் ஒருவர் சார்ள்ஸ் டென்ற். இவரது வாழ்க்கை தனியே எழுதத் தக்கது. முதலில் இரசாயனவியலாளராகச் சாயத்தொழிலில் பணியாற்றிப் பின்னர் மருத்துவம் கற்றவர். 1945இல் நாசிகளின் பெல்சன் வதைமுகாம் திறக்கப்பட்டதும், பட்டினியால் எலும்பும் தோலுமாய்க் கிடந்தவர்களுக்கு அமினோ அமிலக் கலவை பயன்படுமா எனச் சோதிக்க அனுப்பப்பட்ட சிறு குழுவில் அவரும் சென்றார். அங்கு அக்கலவையால் பெரும்பயன் விளையவில்லை. அமினோ அமிலங்கள் மீதான அவரது நாட்டமோ நீங்கவில்லை. அக்காலத்தில்தான் லீட்ஸ் நகரின் கம்பளித் தொழில் ஆய்வுகூடத்தில் மாட்டினும் சிஞ்சும் பணியாற்றி, வடிதாளைக் கொண்டு அமினோ அமிலங்களைப் பிரித்தறியும் முறைக்கு வழிகோலினர். அதன் பொருட்டு 1952இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. முறை மிக எளிது. ஒரு துளி நீர்மத்தை வடிதாளின் மூலையில் இட்டு, கரைப்பான் ஊறி ஏற விட்டால், ஒவ்வோர் அமினோ அமிலமும் தனித்தனி இடத்தில் சென்று தங்கும். பின் நின்ஹைட்ரின் தெளித்துச் சூடாக்கினால் ஊதாப் புள்ளிகள் எழும். பள்ளியில் மைத்துளியை வடிதாளில் இட்டு நிறம் பிரிவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. கம்பளிக்கெனப் பிறந்த இம்முறையைச் சிறுநீர் ஆய்வுக்குக் கொண்டுவந்து, எப்புள்ளி எந்த அமிலம் எனப் படம் வரைந்தவர் டென்ற்.

அச்சிறுவனின் சிறுநீரைத் தாளில் இட்டபோது, இருக்கத்தகாத புள்ளிகள் அடர்ந்து எழுந்தன. உடல் பேணவேண்டிய அமினோ அமிலங்களிற் பல வெளியே ஒழுகிக்கொண்டிருந்தன.

சிறுநீரகத்தின் தொழிலை நாம் பெரும்பாலும் பாதியே அறிந்திருக்கின்றோம். அழுக்கை வெளியேற்றுவது அதன் தொழில் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கின்றோம். உண்மையில் அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லீற்றர் நீர்மத்தை வடித்தெடுத்து, அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கை மீட்டும் உடலுக்கே திருப்பித் தருகின்றது. கழிப்பதைவிடக் காப்பதே அதன் பெருந்தொழில். வடிந்த நீரிலுள்ள அமினோ அமிலங்களை ஒன்றுவிடாமல் பொறுக்கியெடுக்கத் தனித்தனிக் கதவுகள் சிறுநீரகக் குழாய்களின் சுவர்களில் உண்டு. திரிப்தோபன் முதலிய நடுநிலை அமினோ அமிலங்கள் நுழையும் கதவு இந்நோயாளரிடம் பிறப்பிலேயே பழுதாகியிருக்கின்றது. ஏனைய கதவுகள் செவ்வனே இயங்குகின்றன.

1956இல் பாரன், டென்ற், ஹரிஸ், ஹாட், ஜெப்சன் ஆகிய ஐவரும் லான்செற் இதழில் இதனை எழுதினர். பெலாக்ரா போன்ற தோற்படை, தற்காலிகத் தள்ளாட்டம், மாறாத சிறுநீரக ஒழுக்கு, இன்னும் விந்தையான சில இரசாயனப் பண்புகள் என அவர்கள் இட்ட தலைப்பே ஒரு பந்தி அளவுக்கு நீண்டது. பின்னர் உலகம் அக்குடும்பத்தின் பெயராலேயே அதனை ஹாட்னப் நோய் என்று அழைக்கலாயிற்று. "விந்தையான பண்புகள்" என்றதில் ஒன்று இண்டிக்கான் என்ற பொருள். அதைப் பரிசோதனைக் குழாயில் இட்டு ஒட்சியேற்றினால் நீலநிறம் கிடைக்கும். நம் அவுரிச் செடியின் அதே நீலம். அது சிறுநீரில் மிகுந்திருந்ததன் காரணத்தை 1960இல் மில்ன் என்பவரும் தோழர்களும் தெளிவுபடுத்தினர். சிறுநீரகத்தில் உள்ள அதே கதவு குடலிலும் பழுது. உண்ட திரிப்தோபன் முழுவதும் உள்ளே செல்ல முடியாமல் குடலிற் கிடக்க, அங்குள்ள கிருமிகள் அதைச் சிதைக்கின்றன. அச்சிதைவுதான் நீலமாகின்றது. ஆகவே இழப்பு இருவழியில் நேர்கின்றது. உண்டதிற் சிறு பங்கே உட்புகுகின்றது. புகுந்ததிலும் ஒரு பங்கு ஒழுகிவிடுகின்றது.

வெயில் காலம், காய்ச்சல், பசி, வயிற்றோட்டம், மனவழுத்தம் ஆகியன வரும்போது கையிருப்புத் தீர்ந்து நோய் தலைகாட்டும். சில நாள்களில் அல்லது வாரங்களில் தானே அடங்கும். பின் மீண்டும் வரும். வந்து வந்து போகும் இவ்வியல்பே இந்நோயாளருக்குப் பெரும் தீங்காயிற்று. எப்போதும் நோயுற்றிருப்பவனை உலகம் நோயாளி என்று நம்பும். இடையிடையே நன்றாயிருப்பவனை நடிக்கின்றான் என்னும். அன்றேல் பேய் என்னும்.

உள்ளத்தின் குறிகளை இங்கு விரித்துச் சொல்ல வேண்டும். சிலரிடம் காரணமற்ற அழுகையும் சினமும் அச்சமும் மட்டும் தோன்றும். சிலர் உற்சாகமிழந்து ஒடுங்குவர். மிகச் சிலரிடம் மயக்கநிலைப் பிதற்றல், இல்லாத குரல்களைக் கேட்டல், இல்லாதவற்றைக் காணல் என்பன நிகழ்ந்துள்ளன. 1960இல் ஹேர்சோவ், ரொட்னைற் ஆகிய இருவரும் இந்நோய் உளமருத்துவரிடம் வந்துசேரும் விதத்தைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதி, மூன்று நோயாளரின் வரலாறுகளைத் தந்தனர். உளமருத்துவரின் வாயிலில் நிற்பவருள்ளும் சிறுநீரைச் சோதிக்க வேண்டியவர் இருக்கக்கூடும் என்பதை அக்கட்டுரை காட்டிற்று. சித்தம் எவ்வாறு கலங்குகின்றது என்பது முழுமையாக விளக்கப்பட்டுவிடவில்லை. விற்றமின் குறைவு ஒரு காரணம். மூளையில் மனநிலையைச் சீராக்கும் செரொற்றோனின் என்ற பொருளும் திரிப்தோபனிலிருந்தே உண்டாவது என்பது கருதத்தக்கது. குடலிற் சிதைந்த பொருள்கள் நஞ்சாகின்றனவோ என்ற ஐயமும் எழுப்பப்பட்டதுண்டு.

என் வகுப்பில் முன்னொரு காலத்தில் ஒரு மாணவன் இருந்தான். சில வாரங்கள் கெட்டிக்காரன். சில வாரங்கள் காரணமின்றி அழுவான், எழுத்துக் கோணும், கேட்ட கேள்விக்கு விடை வராது. நான் அவனை வாங்கின் மேல் ஏற்றி நிறுத்தியிருக்கின்றேன். அவனுக்கு என்ன நோய் இருந்தது, நோயேதும் இருந்ததா என்பதொன்றும் எனக்குத் தெரியாது. இக்கட்டுரைகளைப் படித்த இரவில் அவன் முகம் நினைவுக்கு வந்தது என்பதை மட்டும் எழுதிவைக்கின்றேன்.

வைத்தியர் கேட்ட முதலாம் வினாவுக்கு இப்போது வருவோம். ஹாட்னப் குடும்பத்தின் தாயும் தந்தையும் உடன்பிறந்தாரின் பிள்ளைகள். இங்கிலாந்தில் இத்தகைய மணம் சட்டப்படி ஏற்றதாயினும் அரிது. அரிதான ஒரு நோய், அரிதான அத்தகைய மணத்தில் பிறந்த பிள்ளைகளிடையே தோன்றினால், அறிஞர்க்கு அது ஒரு பெருங்குறிப்பு. இக்குறிப்பை முதலில் உணர்ந்தவரும் இலண்டன் வைத்தியரான ஆச்சிபோல்ட் கறட் என்பவரே. சிறுநீர் கறுக்கும் ஒரு பிறவிக் கோளாற்றை ஆராய்ந்து, அது உறவுமணக் குடும்பங்களிலே கூடுதலாகத் தோன்றுவதை 1902இல் எழுதினார். பழுதான மரபலகு ஒன்றை மட்டும் கொண்டவர் நலமாகவே வாழ்வார். தாய் தந்தை இருவரும் அதே பழுதைச் சுமந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு நோய்க்கு உண்டு. ஒரே பேரனின் வழிவந்த இருவர் ஒரே பழுதைச் சுமக்கும் வாய்ப்பு ஏனையோரைவிட அதிகம்.

எவ்வளவு அதிகம் என்பதைக் கணக்கிடுவது எனக்கு இயலாது. ஊரில் என்னோடு கணிதம் கற்பித்த நண்பரைத் தொலைபேசியில் அழைத்தேன். இந்நோய் ஏறத்தாழ 30,000 பிறப்புகளுக்கு ஒன்று எனக் கொண்டால், மச்சான் மச்சாள் மணந்து பெறும் பிள்ளைக்கு அது ஏறத்தாழ 2,500க்கு ஒன்றாகும் என்று அவர் விடை சொன்னார். இவ்விரண்டு எண்களையும் ஒருங்கே பார்க்க வேண்டும். பன்னிரண்டு மடங்கு என்று அஞ்சுவோரும் உண்டு. 2,500 பிள்ளைகளுள் 2,499 பேருக்கு ஒன்றுமில்லை என்றும் அதே கணக்குச் சொல்கின்றது. உறவுமணத்தை இழித்துரைப்பதற்காக இதை எழுதவில்லை. நானே அத்தகைய குடும்பத்தில் பிறந்தவன். காணியும் உறவும் சிதறாதிருக்க எம் முன்னோர் கண்ட வழி அது. இந்நாட்டு வைத்தியர் அவ்வினாவைக் கேட்கும்போது எம்மைக் காட்டுமிராண்டிகள் என்று கருதுவதாக எம்மவர் எண்ணுகின்றனர். சிலர் கேட்கும் தொனியும் அவ்வாறே இருக்கின்றது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எனினும் அவர் தேடுவது நோயின் தடயத்தையே.

இரண்டாம் வினாவை மறைப்பதற்கான காரணம் யாவரும் அறிந்ததே. வீட்டில் மணமாகாத பெண்பிள்ளை இருந்தால், சித்தியின் மனநோய் அவளது சீதனத்தில் எழுதப்படும்.

பிற்கால வரலாற்றைச் சுருக்கிச் சொல்லலாம். குழந்தைகளின் சிறுநீரைச் சோதிக்கும் திட்டங்கள் சில நாடுகளில் வந்தபின், ஒரு வியப்பு நேர்ந்தது. இக்கோளாற்றுடன் பிறந்தவர்களுள் பெரும்பாலோர் எந்த நோயுமின்றியே வளர்ந்தனர். கனடாவின் ஸ்கிறிவர் என்பவரும் தோழர்களும் 1987இல் இதனை விளக்கினர். பழுது ஒரு மரபலகால் வருவது. ஆனால் அது நோயாக மாறுவதற்கு உணவு, சூழல், வேறு மரபலகுகள் எனப் பல சேரவேண்டும். கதவு பூட்டியிருப்பினும், புரதம் முற்றாகச் சிதையுமுன் இரண்டு மூன்று அமினோ அமிலங்கள் கோத்தபடியே குடலின் வேறு வழியாக உட்செல்லும் என்பதும் அறியப்பட்டது. நல்ல புரத உணவு உண்பவன் தப்பிவிடுகின்றான். ஆகையால் மருத்துவமும் எளிது: கூடிய புரதம், நிக்கோரினமைட் என்னும் விற்றமின் வில்லை, வெயிலிலிருந்து காப்பு. பழுதான மரபலகு ஐந்தாம் நிறமூர்த்தத்தில் இருப்பதை 2004இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர் ஒரு குழுவும் வேறொரு குழுவும் ஒரே வேளையில் அறிவித்தனர். குடலில் அக்கதவைத் தாங்கி நிற்கும் புரதமே 2020இல் உலகெங்கும் பேசப்பட்ட கொரோனாக் கிருமி பற்றிக்கொள்ளும் புரதமும் ஆகும் என்பது படித்தபோது வியப்பளித்த செய்தி.

ஒன்றை வற்புறுத்த வேண்டும். இது மிக அரிய நோய். உளநோயாளர் எல்லாருக்கும் சிறுநீரகத்தில் குறையென்றோ, விற்றமின் வில்லையால் எல்லாம் தீருமென்றோ எவரும் மயங்கிவிடக்கூடாது. வைத்தியர் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டுக் கடையில் வில்லை வாங்குவோர் எம்மிடையே உள்ளனர், அவர்களுக்காகவே இவ்வரிகள்.

அண்மையில் அப்பக்கம் செல்ல நேர்ந்தபோது மிடில்செக்ஸ் வைத்தியசாலை இருந்த இடத்தைப் பார்க்கச் சென்றேன். 2005இல் அது மூடப்பட்டுப் பின்னர் இடிக்கப்பட்டுவிட்டது. அடுக்குமாடிகளின் நடுவே அதன் சிற்றாலயம் மட்டும் நிற்கின்றது. அன்று மாலை, தொடக்கத்தில் குறிப்பிட்ட தாயாரைத் தொலைபேசியில் அழைத்து, இவ்வரலாற்றை அவருக்குச் சொன்னேன். அவர் இடைமறிக்காமற் கேட்டார். பின்னர் நெடுநேரம் பேச்சில்லை. "என்ர மூத்த அக்காவைக் கோயில் கோயிலாய்க் கொண்டு திரிஞ்சவை, மாஸ்ரர். உங்களுக்கும் தெரியுந்தானே" என்றார். தெரியும் என்றேன். "அந்தத் தாய் சொன்னதாலயோ கண்டுபிடிச்சவை?" என்று கேட்டார். ஆம், அங்கிருந்துதான் தேடத் தொடங்கினார்கள் என்றேன்.

அடையாளங்களை மாற்றி எழுத அவர் எனக்கு அனுமதி தந்தார். அடுத்த தவணை வரும் மாதம். "வேற ஆளை விடவேண்டாம், மாஸ்ரர், நீங்களே வாங்கோ" என்று சொல்லியிருக்கின்றார்.